தோல் கிளினிக்கில் புதிதாக வேலைக்குச் சேருகிறீர்களா? திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

தோல் வருத்தத்தோடு வருகிறவர்கள் டொக்டருக்குச் சொல்வதைவிடக் கூடுதலாகக் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்வார்கள். "முன்னம் ஏதும் பூசினீங்களோ?" என்று டொக்டர் கேட்டபோது "ஒண்டும் பூசேல்ல" என்ற அதே அம்மா, வெளியே வந்து மருந்துத் துண்டைக் கையில் வாங்கும்போது, "மகள், கடையில வாங்கின கிறீம் ஒண்டு மூண்டு மாசமாப் பூசிறனான். அதையும் சேத்துப் பூசலாமோ?" என்று மெதுவாகக் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குள் வருத்தத்தின் முழுக் காரணமும் இருக்கக்கூடும். அப்போதே உள்ளே போய்ச் சொன்னீர்கள் என்றால் சிகிச்சையே மாறும். தலையாட்டி அனுப்பிவிட்டால் இன்னொரு மாதமும் அவர் அதையே பூசிக்கொண்டிருப்பார்.

திருகோணமலைப் பக்கம் தனியார் தோல் கிளினிக்குகளில் உதவியாளராக, வரவேற்பாளராக, சிகிச்சை அறையில் கைக்கு உதவியாகச் சேரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். பலர் ஏ.எல். முடித்த கையோடு வருகிறார்கள். சிலர் அழகுக்கலை பழகிவிட்டு வருகிறார்கள். எல்லாருக்கும் முதல் நாளே லேசர் மெஷினைத் தொட்டுப் பார்க்க ஆசை. அதைப் பிறகு பழகலாம். கேட்கவும் பார்க்கவும் எழுதவும் முதலில் பழகுங்கள்.

சேர முதல்

நீங்கள் சேரப்போகும் இடம் பதிவுசெய்த இடமா என்று பாருங்கள். இலங்கையில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட வேண்டும். அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டும். பார்க்கும் டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். டொக்டர் இல்லாத நாளில் உங்களையே ஊசி போடவும் பீல் (அமிலம் பூசித் தோலின் மேற்படையை உரிப்பது) செய்யவும் சொல்லும் இடமென்றால், சம்பளம் எவ்வளவு கூடவென்றாலும் அங்கே சேராதீர்கள். அழகுக்கலைச் சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அது ஊசி குத்த உரிமை தரும் சான்றிதழ் அல்ல.

இரத்தத்தால் தொற்றும் ஈரல் வருத்தமான ஹெப்பரைற்றிஸ் பிக்குத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. சேர்ந்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஊசி முனை ஒருநாள் கையில் குத்தும்போது அது ஏற்கெனவே உடம்பில் வேலை செய்திருக்க வேண்டும்.

கவுண்டரில்

பெயர், வயது, ஊர், போன் நம்பர் எழுதுவதோடு உங்கள் வேலை முடியாது. இந்தக் கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு அட்டையில் எழுதுங்கள்:

எத்தனை நாளாக? உடம்பில் எங்கே தொடங்கியது? கடிக்குதா, எரியுதா, நோகுதா, அல்லது அந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லையா? வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா? வேலை என்ன? வேறு வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறீர்களா? பெண்கள் என்றால், பிள்ளை வயிற்றிலா, பால் கொடுக்கிறீர்களா? ஏதும் மருந்து ஒத்துவராமல் போனதா?

வேலை என்ன என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். கையில் வெடிப்போடு வரும் மேசனுக்குச் சீமெந்து காரணமாக இருக்கலாம். சீனக்குடாப் பக்கம் தொழிற்சாலையில் நிற்கிறவர், வலை இழுக்கிறவர், நிலாவெளி ஹோட்டலில் நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரில் கை வைக்கிறவர், வெங்காயத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர் என்று ஒவ்வொருவர் தோலும் அவரவர் வேலையைக் காட்டும்.

கடைசியாகக் கேட்கும் இந்தக் கேள்விதான் முக்கியம்: "இதுவரை என்னென்ன பூசினீங்க?" இப்படிக் கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வரும். ஆகவே வேறு மாதிரிக் கேளுங்கள். "எல்லாரும் வர முதல் ஏதாவது பூசிப் பாத்துத்தான் வருவினம் அம்மா. நீங்க என்ன பூசினீங்க? பாமசியில வாங்கினதோ, வீட்டு மருந்தோ?" என்று கேட்டால் வாய் திறக்கும். ஒருவரும் ஏசமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் உண்மை வரும். கிண்ணியாவிலிருந்து வரும் உம்மாவோ, மூதூர் நானாவோ, தம்பலகாமத்து ஐயாவோ, எல்லாரும் இதில் ஒன்றுதான். அடுத்த முறை வரும்போது அந்த ரியூப்பைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இப்போதே வீட்டுக்குப் போன் எடுத்துப் படம் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடையில் தாங்களாக வாங்கும் பல கிறீம்களில் ஸ்டீரொயிட் இருக்கிறது. பெட்டாமெதசோன், குளொபெட்டசோல் என்ற பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படர்தாமரைக்கு அதைப் பூசினால் இரண்டு நாளில் கடி குறையும், சிவப்பும் மங்கும். "நல்ல மருந்து" என்று வீட்டில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். உள்ளே பங்கசு பரவிக்கொண்டே இருக்கும். விட்டதும் முன்னையைவிடப் பெரிதாக வரும். வட்டமும் ஓரமும் அழிந்து, டொக்டருக்கே அடையாளம் பிடிபடாத உருவத்தில் வந்து நிற்கும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவந்து, பரு கிளம்பி, வெயிலில் நிற்கவே முடியாமல் போகும்.

வெள்ளையாக்கும் கிறீம்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேபலில் தயாரித்தவர் விலாசம் இல்லை, என்ன கலந்தது என்றும் இல்லை, ஆனால் ஒரு கிழமையில் முகம் வெளுக்கிறது என்றால், அதில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் தோலுக்குள்ளால் இறங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசியவரின் கையிலிருந்து வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை இப்படியான அழகுசாதனங்களையும் நிறுத்தச் சொல்கிறது, ஆனாலும் கடைகளில் இருக்கிறது. கால் வீக்கம், நுரைத்த மூத்திரம் என்று இப்படியான கிறீம் பூசும் ஒருவர் சொன்னால், உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டு மருந்துகளை எல்லாம் ஒரே தட்டில் போட்டு ஏளனம் செய்யாதீர்கள். வரண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் நல்லதுதான். கன்னியா வெந்நீரில் குளித்துவிட்டு வருகிறேன் என்பவருக்கு, கரப்பனுக்குச் சுடுதண்ணீர் கடியைக் கூட்டும் என்று மட்டும் பொறுமையாகச் சொல்லுங்கள். தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு வெயிலில் போவதைத்தான் கட்டாயம் தடுக்க வேண்டும். சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கொப்பளிக்கும், பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

வரிசையில் நிற்க வைக்கக் கூடாதவர்கள்

இதைச் சேர்ந்த முதல் நாளே படித்துவிடுங்கள். புதிதாகக் குளிசை தொடங்கிய பிறகு (வலிப்பு மருந்து, யூரிக் அமில மருந்து, சில அன்ரிபயோற்றிக்) காய்ச்சலோடு தோல் சிவந்து, வாயிலும் கண்ணிலும் புண் வருகிறது என்றால், அவர் நம்பர் எடுத்து உட்காரக் கூடாது. டொக்டர் இருந்தால் அந்த நிமிடமே உள்ளே. இல்லையென்றால் நேராக மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு. அந்தக் குளிசைப் பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். உதடு, முகம் வீங்கி மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறவருக்கு டொக்டரைக் கூப்பிட்டபடியே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. இப்படி மூச்சு முட்டும்போது போடும் ஊசி மருந்தான அட்ரினலின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். போடுவது டொக்டர், எடுத்துக் கொடுப்பது நீங்கள்.

அக்கி கண்ணுக்குப் பக்கத்தில் வந்தவர், காய்ச்சலோடு உடம்பெல்லாம் கொப்பளம் வந்த கைக்குழந்தை ஆகியோரும் அப்படித்தான்.

அறைக்குள்

தோலைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழே நம் நிறத்தவர்களின் சிவப்புத் தெரியாது. புத்தகப் படங்களில் சிவப்பாக இருப்பது நம் தோலில் ஊதா கலந்த கபிலமாகவோ வெறும் கறுப்பாகவோ நிற்கும். ஜன்னலைத் திறந்து, வெளியே நிற்பவர்கள் பார்க்காதபடி மட்டும் திரையைப் போடுங்கள். பூசிய மேக்கப், நகப்பூச்சு, மருதாணி எல்லாம் டொக்டருக்குத் தெரிய வேண்டியதை மறைக்கும். முகம் கழுவ வைத்தே உள்ளே விடுங்கள்.

பெண்களைப் பார்க்கும்போது பெண் உதவியாளர் அறைக்குள் நிற்க வேண்டும். இதில் விதிவிலக்கே இல்லை. கேட்ட பிறகு நிற்பதல்ல, கேட்காமலே நிற்பதுதான் முறை. பார்க்க வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கட்டும். மற்ற எல்லாம் விரிப்பால் மூடியிருக்கட்டும்.

படம் எடுப்பது: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அவசியம், ஆனால் எழுத்தில் சம்மதம் வாங்கியே எடுக்க வேண்டும். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம். கிளினிக்கின் கமெராவிலோ கிளினிக்கின் போனிலோ மட்டும் எடுங்கள். உங்கள் சொந்தப் போனில் ஒரு நோயாளியின் தோல் ஒருநாளும் இருக்கக் கூடாது. திருகோணமலை சின்ன ஊர். மத்திய வீதியில் நடக்கிற கதை பின்னேரத்துக்குள் உப்புவெளிக்குப் போய்விடும். கவுண்டரில் வருத்தத்தின் பெயரைச் சத்தமாக வாசிக்காதீர்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி காணும் சில

சொறிச் சிரங்கு. இரவில் கூடும் கடி, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் பருக்கள், வீட்டில் ஒருவருக்கல்ல நாலு பேருக்கு. பெர்மெத்ரின் 5% கிறீம் கொடுத்தால், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்தின் கீழ், தொப்புள் எல்லாம் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணித்தியாலம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு கிழமையில் மறுபடி. கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முறை வேறு, அதை டொக்டரே சொல்லட்டும். வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே இரவில் பூசாவிட்டால் இந்த வருத்தம் மாறாது. கடியில்லாத அப்பாவும் பூச வேண்டும் என்பதைத்தான் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். பூசிய பிறகும் இரண்டு மூன்று கிழமை கடி இருக்கலாம், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பூச வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தொழுநோய். இலங்கையில் 1995இல் இது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற நிலை எட்டப்பட்டது, ஆனால் ஆண்டுதோறும் புதியவர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், கிழக்கிலும்தான். நிறம் மங்கிய ஒரு படை, கடியில்லை, நோவில்லை, தொட்டாலும் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அட்டையில் அடிக்கோடிட்டு எழுதுங்கள். மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம். கூட்டு மருந்து வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கியவுடன் மற்றவருக்குத் தொற்றுவது வேகமாக நின்றுவிடும். மட்டக்களப்பு மாந்தீவில் நோயாளரைத் தனியே வைத்த காலம் கிழக்கில் வயதானவர்களின் மனதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் சிலர் படையை மறைத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் முகத்தில் சுளிப்பு தெரிந்தால் அவர் மறுமுறை வரமாட்டார். வராமல் விட்டால் கை விரல் மடங்கும், காலில் ஆறாத புண் வரும்.

மணல் ஈ கடித்து வரும் லெயிஷ்மேனியா புண், காட்டோரம் இருப்பவர்களிடமும் பாதுகாப்புப் படைகளில் இருந்தவர்களிடமும் காணப்படும். முகத்திலோ கையிலோ திறந்த இடத்தில், நோகாமல் கடிக்காமல் மெதுவாக வளரும் ஒரு கட்டி, நடுவில் வெடித்த புண். இலங்கையில் 2008 முதல் இது அறிவிக்க வேண்டிய நோய். "எங்க இருந்தனீங்க, காட்டுப் பக்கம் போனீங்களோ?" என்ற கேள்வி டொக்டருக்குப் பெரிய உதவி.

சிகிச்சை அறையில்

கிளவுஸ் போட முதலும் கழற்றிய பிறகும் கை கழுவுங்கள். பாவித்த ஊசிக்கு மூடி திரும்பப் போடவே கூடாது. கூரானவை போடும் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும். கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு வேளைக்கு என்றால் அவ்வளவு நல்லது.

பயொப்சி (சோதனைக்குத் தோலில் சிறு துண்டு வெட்டுவது) எடுக்கும் நாளில் உங்கள் கையில் இருக்கும் பொறுப்பு பெரிது. அஸ்பிரின், வாஃபரின் போல் இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுக்கிறாரா என்று முதலே கேளுங்கள். நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். போத்தலில் பெயரையும் எடுத்த இடத்தையும் எழுதும்போது மூடியில் எழுதக் கூடாது, போத்தலின் உடலில்தான் ஒட்ட வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரே நேரத்தில் நாலு மூடியைத் திறந்து வைத்தால் எது யாருடையது? துண்டை எடுக்க முதலே, நோயாளி மேசையில் இருக்கும்போதே, பெயரை அவர் வாயால் சொல்ல வைத்து ஒட்டுங்கள். சாதாரணத் துண்டு, கெடாமல் காக்கும் திரவமான ஃபோர்மலினில் போகும். ஒளிர்வுச் சோதனைக்கு (ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை) போகும் துண்டு ஃபோர்மலினில் விழுந்தால் வீண். எந்தப் போத்தலில் என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

மருவுக்குப் பிடிக்கும் திரவ நைதரசன் சைபருக்குக் கீழே 196 பாகை. இறுக மூடிய பாத்திரத்தில் ஊற்றினால் வெடிக்கும். கண்ணாடி போட்டு, ஜன்னல் திறந்து வேலை செய்யுங்கள். நோயாளிக்கு முதலே சொல்லுங்கள்: கொப்பளம் வரும், குத்தி உடைக்க வேண்டாம், கறுத்த தோலில் வெள்ளைப் புள்ளி நிற்கலாம், இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா திரும்ப வர வேண்டும்.

பீல். அமிலம் முகத்தில் இருக்கும்போது நேரக்கணக்கு உங்கள் கையில். கண்ணோரத்திலும் மூக்கோரத்திலும் வசலின் வைத்து, நடுநிலையாக்கும் கரைசலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டே தொடங்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் எடுக்கிறாரா, உதட்டில் கொப்பளம் வருகிற பழக்கம் உண்டா, பிள்ளை வயிற்றிலா என்று கேளுங்கள். என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, கடற்கரையில் வேலை செய்கிறவருக்குப் பீலும் வேண்டாம், முகத்துக்கு லேசரும் வேண்டாம். வீட்டுக்குப் போய் நிழலில் இருப்பேன் என்பார், அடுத்த நாள் படகில் நிற்பார். போன கறுப்பு இரட்டிப்பாய்த் திரும்பி வரும். வருமானம் குறையும் என்று பார்க்காமல், மழை தொடங்கிய பிறகு வரச் சொல்லுங்கள்.

லேசரில் நம் தோல் நிறத்துக்கு எரிவு வரும் ஆபத்து கூட. தோல் நிறங்களை ஆறாகப் பிரிக்கும் ஃபிற்ஸ்பற்றிக் அளவில் நம்மவர்கள் பெரும்பாலும் 4 முதல் 6 வரை. அளவுகளை டொக்டர் மட்டுமே மாற்றலாம். கண்ணாடி அந்தந்த மெஷினின் அலைநீளத்துக்கானதாக இருக்க வேண்டும். ஒரு மெஷினின் கண்ணாடி மற்றதற்குக் காக்காது, நிறத்தைப் பார்த்து மாற்றிப் போடாதீர்கள். கண்ணாடி போடாத ஒருவரும், கூட வந்த அம்மாகூட, அறைக்குள் நிற்கக் கூடாது. முடி அகற்ற வருகிறவர் நாலு கிழமைக்கு முன்னாலிருந்தே வக்ஸ், நூல் இரண்டையும் நிறுத்தியிருக்க வேண்டும். சவரம் செய்யலாம்.

மருந்துத் துண்டை விளக்குதல்

"பூசுங்க" என்றால் எவ்வளவு என்று தெரியாது. உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை கிறீமைப் பிதுக்கிக் காட்டுங்கள். அது ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். வெயில் கிறீம் என்றால் இரண்டு விரல் நீளம் முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியே நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா.

சொரியாசிசுக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேற் குளிசை கிழமையில் ஒரு நாள் மட்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. "கிழமைக்கு ஒன்று" என்று எழுதாதீர்கள், "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று நாளின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, அவரைத் திரும்பச் சொல்ல வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் கலண்டரில் வட்டம் போடுங்கள், கூட வந்தவருக்கும் சொல்லுங்கள். ஐசோட்ரெற்றினோயின் எடுக்கும் பெண், மருந்து நிறுத்தி ஒரு மாதம் வரையாவது கருத்தரிக்கவே கூடாது. இதைக் கலியாணமாகாத பிள்ளைக்கும் தனியாக, நிதானமாகச் சொல்ல வேண்டும். தாயோடு வந்தால் தாயை வெளியே இருத்திவிட்டுச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் திகதி கொடுக்கும்போது ஊரைப் பாருங்கள். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இரத்தச் சோதனையும் டொக்டரைப் பார்ப்பதும் ஒரே நாளில் முடியும்படி பாருங்கள். காசுக்குக் கஷ்டப்படுகிறவர் என்று தெரிந்தால், அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். பழைய றிப்போட்டுகளையும் பூசிய மருந்துகளின் பட்டியலையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்பினால் அங்கே முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

மூடும் நேரம்

ஒட்டோகிளேவ் (நீராவியில் கருவிகளின் கிருமி கொல்லும் மெஷின்) ஓடிய பதிவு, கூரானவை பெட்டி, தொற்றுள்ள கழிவு போடும் மஞ்சள் பை, மருந்து ஃபிரிட்ஜின் வெப்பநிலை எல்லாம் பார்த்தபின் ஒரு கொப்பி மிச்சமிருக்கும்: ஆய்வுகூடத்துக்குப் போன பயொப்சிகளின் கொப்பி. போன திகதி, வந்த திகதி, டொக்டர் பார்த்த திகதி, நோயாளிக்குச் சொன்ன திகதி என்று நாலு நிரல். கடைசி நிரல் வெறுமையாக இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் அன்றே போன் எடுங்கள். போன் வேலை செய்யாவிட்டால் முதல் நாள் அட்டையில் எழுதிய இரண்டாவது நம்பருக்கு எடுங்கள். முடிவை போனில் சொல்லாதீர்கள். "றிப்போட் வந்திட்டுது ஐயா, இந்தக் கிழமைக்குள்ள ஒருக்கா வந்திட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி, வரும் நாளை அவர் வாயால் சொல்ல வைத்துக் கொப்பியில் எழுதிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.